மங்குஸ்தான் வளையம்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது, ஜெனரேட்டருக்குப் பின்னால் சுவரோரம் குப்புறக் கிடந்த அக்காவின் வாசல் வளையம். மஞ்சள் தோய்த்த வாழைநார்க் குஞ்சம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு சிமென்ட் சாக்கு, உடைந்த டைல்ஸ், யாரோ டீ குடித்துப் போட்ட காகிதக் கப். அதற்கப்புறம்தான் நிலைவாசலைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் நான் அக்காவின் வளையத்தை மாட்டிய அதே ஆணியில் வேறொரு வளையம் தொங்கியது. பச்சை பிளாஸ்டிக் ஊசியிலை, சிவப்பு பிளாஸ்டிக் பழம், ஓரமெல்லாம் தூவிய வெள்ளைப் பிளாஸ்டிக் பனி.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், வயலை மேடாக்கிப் போட்ட மனைகளில் ஒன்று அது. எங்கள் எதிர்வீட்டு மைனியும் அவர் கணவரும் கட்டிய புதுவீடு. அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம், அதனால் அவர் மனைவி எங்களுக்கு மைனி, அதாவது அண்ணி. ஆவணி மாதம். அன்றைக்குப் பால்காய்ப்பு. ஆறு மணிக்கு மேல் நல்ல நேரம் என்று சொல்லியிருந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். ரோட்டில் மணல் கொட்டிக் கிடந்ததால் ஆட்டோ முக்கிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பாள். அவள் வந்து சேர்வதற்குள் இதைச் செய்தது யார் என்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். இருபது வருஷம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தவள் நான். கோபம் வந்தால் எனக்குக் கேள்விதான் வரும்.

அந்த வளையம் எப்படி வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவர் இறந்து வருஷம் கழிந்தபின் வந்த முதல் பொங்கலுக்கு, அவருடைய தம்பி மனைவி செங்கோட்டையிலிருந்து வந்திருந்தாள். அக்கா கொல்லையில் மாவிலை பறித்து, சணல் கயிற்றில் கோத்து, ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டாள். அந்தப் பெண் அக்காவின் முழங்கையைத் தொட்டு, "நீங்க உள்ள இருங்கக்கா, நான் கட்டுதேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். குரலில் ஒரு குறையும் இல்லை. வீடு அக்காவுடையது, மரம் அக்காவுடையது, ஸ்டூலும் அக்காவுடையது. அக்கா உள்ளே போய் உட்கார்ந்தாள். நான் அங்கேதான் நின்றேன். கழுத்தில் தாலி கிடப்பவள் என்பதால் எனக்குத் தோரணத்தின் ஒரு முனையைப் பிடிக்கக் கொடுத்தார்கள்.

தோரணத்தை யார் கட்டலாம், வாசலில் கோலத்தை யார் போடலாம், விளக்கை யார் முதலில் ஏற்றலாம் என்பதற்கெல்லாம் எங்கள் ஊரில் விதி இருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். வாசல் வளையத்துக்கு மட்டும் விதி கிடையாது. அப்படி ஒரு பொருளே ஊரில் கிடையாது என்பதுதான் காரணம். அக்கா அதைப் போனில் பார்த்தாள். ஏதோ ஒரு குளிர் நாட்டில் ஒரு பெண் காட்டுக்குப் போய்க் கொப்பும் காயும் பொறுக்கி வந்து வட்டமாகக் கட்டிக் கதவில் மாட்டுகிறாள். பருவம் மாறினால் வளையத்தையும் மாற்றுகிறாள். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "இதைக் கட்டக் கூடாதுன்னு எவளும் வந்து சொல்ல மாட்டா. அவளுகளுக்கே தெரியாது" என்றாள்.

முதல் வளையத்தில் தப்பு நடந்தது. கொல்லையில் பூத்திருந்ததையெல்லாம், நந்தியாவட்டையும் அரளியும் வெள்ளை வெள்ளையாக வைத்துக் கட்டி, காலையில் கதவில் மாட்டிவிட்டாள். எங்கள் ஊரில் வட்டமாகப் பூக்கட்டி வைப்பது ஒரே இடத்தில்தான். பத்து மணி வாக்கில் தெரு முக்கில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் பைக்கை நிறுத்தினார். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே, "யாரும்மா?" என்றார்.

"யாருமில்லண்ணே. எல்லாரும் இருக்கோம். சாம்பார் கொதிக்குது, சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் சாப்பிடவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். மறுநாளிலிருந்து புதுப்பூ வைப்பதை விட்டாள். ஓடும் விதையும் கதிரும் காய்ந்த இலையும்தான். கீழே மஞ்சளில் தோய்த்த குஞ்சம் ஒன்று தொங்கவிட்டாள். இனி யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள் என்றாள். யாரும் கழற்றவில்லை.

செய்முறை அவளாகக் கண்டுபிடித்ததுதான். தென்னம்பாளையை நீளவாக்கில் கீறி, ஒரு ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போடுவாள். காலையில் அது சொன்னபடி வளையும். மூன்று கீற்றைச் சேர்த்து வட்டமாக்கி, ஈர வாழைநாரால் சுற்றுவாள். காயக் காய நார் இறுகும். அதற்குமேல்தான் அலங்காரம். சித்திரைக்குப் பனங்குருத்தும் வேப்பம்பூவும். சாரல் சமயத்துக்கு மங்குஸ்தான் ஓடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இலையும் வைக்கோலும் பூசணம் பிடிக்கும் என்பதால் இலவங்காய் ஓடு, புளியங்கொட்டை, மஞ்சாடி விதை. தைக்கு மஞ்சள் இலையும் நெற்கதிரும். ரம்புட்டான் தோலை ஒரு தரம் முயற்சி செய்தாள். இரண்டு நாளில் கறுத்து, மூன்றாம் நாள் நாறியது. அதை விட்டுவிட்டாள்.

மங்குஸ்தான் ஓட்டுக்காகத்தான் குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போவாள். அருவிக்குப் போகிற வழியில் பழக்கடைகளில் டூரிஸ்டுகள் பழத்தை உள்ளங்கையில் வைத்து நசுக்கி உடைப்பார்கள். அந்த ஓடு ஒன்றுக்கும் ஆகாது. கடைக்காரப் பெண் ஒருத்தியிடம் பேசி, கத்தியால் நடுவில் சுற்றிக் கீறி உடைக்க வைத்தாள். கீழ்ப்பாதியில் பூ இதழ் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அது உடையாமல் இருக்க வேண்டும். கழுவி, நிழலில் உலர்த்தி, அடுப்புக்கு மேலே பரணில் கவிழ்த்து வைத்தால் கருஞ்சிவப்பில் கிண்ணம் போல் இறுகிவிடும். சாரல் அடிக்கிற நாட்களில் பரண் போதாமல் கயிற்றிலும் ஓடு தொங்கும், எங்கள் அடுப்படியில் நிமிர்ந்து நடக்க முடியாது.

வளையம் வேண்டும் என்று முதலில் கேட்டது எதிர்வீட்டு மைனிதான். அதைச் சொல்லியாக வேண்டும். அதற்குப்பின் எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலாக வந்தது. பின் தெருவிலும் கேட்டார்கள். பொங்கல், கார்த்திகை, கிறிஸ்துமஸ், பெருநாள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அக்காவே போய் மாட்டிக் கொடுத்த வீடுகளும் உண்டு. மைனியின் வீட்டில் அவள் ஸ்டூலில் ஏறி மாட்டும்போது, மைனி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் சாய்கிறது, வலப்பக்கம் சாய்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். வருகிறவர்களிடமெல்லாம், கடையில் வாங்கியது இல்லை, எங்கள் எதிர்வீட்டு அக்கா கையால் செய்தது என்பார். அந்தக் கையைப் பற்றி அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

புதுவீட்டுக்கு வளையம் வேண்டும் என்று ஆடியிலேயே வந்து கேட்டார். பெரிய நிலைவாசல், தேக்கு, அதற்கு ஏற்ற அளவில் வேண்டும். மாடியை சீசனுக்கு வாடகைக்கு விடப்போகிறார்கள். வருகிறவர்கள் வாசலில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். அக்கா அந்த ஒரு வளையத்துக்காகக் குற்றாலத்துக்கு எத்தனை தடவை போனாள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. ஒரே அளவு ஓடாகப் பொறுக்கினாள். கார் நெல் அப்போதுதான் கதிர் வாங்கியிருந்தது. மேலகரம் பக்கத்தில் தெரிந்தவர் வயலில் போய், பாதி பச்சையும் பாதி பொன்னுமாக இருந்த கதிரைக் கேட்டு வாங்கி வந்தாள். அவள் கட்டியதிலேயே நல்ல வளையம் அது. நான் அவளுடைய தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை.

பால்காய்ப்புக்கு முந்தின நாள் மத்தியானம் மைனி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார். அவருடைய நாத்தனார், அண்ணாச்சியின் அக்கா, கடையத்திலிருந்து வந்து இறங்கியிருப்பதாகச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் பார்க்கிற ஆள் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்கா தப்பா நினைக்கக் கூடாது. எனக்கு ஒண்ணும் இல்ல. அவுகதான் ஒண்ணொண்ணா கேக்காக. அதனால வளையத்தை உங்க தங்கச்சியே கொண்டாந்து மாட்டட்டும். தங்கச்சி செஞ்சதுன்னே இருந்துட்டுப் போட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "அதுக்கென்ன, அவ கொண்டாருவா" என்றாள்.

மைனி எழுந்து போனபின் அக்காவிடம்தான் சண்டை போட்டேன். உன் பொருளுக்கு என் பேரை வைக்க நீ யார் என்று கேட்டேன். என் கழுத்தில் ஒரு கயிறு கிடப்பதால் உன் கை செய்தது என் கை செய்ததாக மாறிவிடுமா என்று கேட்டேன். நீ இப்படிச் சரி சரி என்று சொல்வதால்தான் அவர்கள் இப்படிக் கேட்கிறார்கள் என்றும் சொன்னேன். அக்கா குஞ்சத்தைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, சத்தம் போடாத. பேப்பர்ல போடப் போறியா? தலைப்பு என்ன வைப்ப?"

"இதுல என்ன சிரிப்பு உனக்கு?"

"வளையம் வாசலுக்குப் போய்ச் சேரணும். அவ்வளவுதான் எனக்கு."

அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தான் கட்டிய ஒன்று, நல்ல நாளில், ஒரு நிலைவாசலில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் உட்காரச் சொன்னபிறகு அவள் தேடிக் கண்டுபிடித்த இடம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் நான் வளையத்தைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துப் போய் மாட்டினேன். மாட்டி முடித்துக் கீழே இறங்கியபோது கடையத்து நாத்தனார் வந்து நின்றார். கனத்த உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமம். வளையத்தை மேலும் கீழும் பார்த்தார். ஓட்டைத் தட்டிப் பார்த்தார். மங்குஸ்தான் என்று சொன்னதும் ஆச்சரியப்பட்டார். பாராட்டினார். அதில் பொய் இல்லை.

"நீயா செஞ்ச?"

"எங்க அக்கா செஞ்சா."

"எந்த அக்கா?"

"எனக்கு ஒரே அக்காதான்."

அவர் மைனியைத் திரும்பிப் பார்த்தார். மைனி டைல்ஸ்காரரிடம் ஏதோ சொல்வதற்காக உள்ளே போனார். எனக்கு டீ வந்தது. நான் குடித்தேன். டீ நன்றாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் வளையம் ஆணியிலேயே இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இப்போது மறுபடியும் அந்தக் காலை. மைனி பட்டுச்சேலையும் ஈரத்தலையுமாக வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க என்றார். நான் ஜெனரேட்டரைக் காட்டினேன்.

"இதை யாரு எடுத்தா?"

"எடுத்து வச்சிருக்காங்க. பத்திரமாத்தான் இருக்கு."

"யாரு எடுத்தாங்கன்னு கேட்டேன்."

பத்திரிகையில் இருந்த காலத்தில் இந்த மாதிரி வாக்கியங்களோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. சம்பவம் நடந்திருக்கும், செய்தவர் மட்டும் வாக்கியத்தில் இருக்க மாட்டார். மைனி சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வட்டமா வைக்கது சாவுக்குத்தான வைக்கது? சொந்தக்காரங்க நாலு பேரு வருதாக. பார்த்ததும் ஒரு மாதிரி நினைச்சிருவாகன்னு சொன்னாக."

"சரி. இப்ப தொங்குதே, அது சதுரமாவா இருக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது போலிருந்தது. அவர் மகன் ஆன்லைனில் வாங்கியதாம். முன்னமே வாங்கி வைத்திருந்ததாம். சாவு வளையம் என்றால் அதுவும் சாவு வளையம்தான். பனியோடு சேர்ந்த சாவு வளையம். ஆனால் அதை எந்த விதவையும் தொடவில்லை. யார் கை செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு ஃபாக்டரியில் யாரோ செய்தது. அந்தப் பெண்ணுக்குப் புருஷன் இருக்கிறானா, செத்துப்போனானா என்று கடையத்து நாத்தனார் கேட்கவில்லை. இதை நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டதாக ஞாபகம். மைனியின் முகத்தைப் பார்த்தபோது வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

"இப்பவா இதைப் பேசணும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. "நல்ல நாளும் அதுவுமா."

அண்ணாச்சி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விடுங்கம்மா, பெண்பிள்ளைகள் சமாச்சாரம், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். தன் வீட்டு வாசலில் என்ன தொங்குகிறது என்பது அவருக்குத் தெரியாதாம். வாசலுக்கு என்ன மரம், மரம் எந்த ஊர் டிப்போவில் வாங்கியது, எத்தனை அடி என்பதெல்லாம் மூன்று மாதமாகத் தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் மேல்தான் அதிகக் கோபம். கடையத்து நாத்தனார் நினைத்ததைச் செய்தார். மைனி பயந்ததைச் செய்தார். இவர் ஒன்றும் செய்யாமல் நல்லவராக நின்றார்.

அதற்குள் அக்கா கேட்டுக்கு வந்துவிட்டாள். கையில் பரிசுப் பை. முதலில் வாசலைப் பார்த்தாள். பிறகு நான் நின்ற இடத்தையும் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெனரேட்டர் பக்கம் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து வளையத்தை எடுத்தாள். திருப்பினாள். இரண்டு ஓடு நசுங்கியிருந்தது. நெற்கதிரில் டீசல் பட்டிருந்தது. நாரை விரலால் தடவி எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்தாள்.

"மைனி, ஜெனரேட்டர் சூட்டுல வச்சா ஓடு வெடிச்சிரும். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுலயே வச்சிருப்பேனே."

மைனி ஈரத்தலையை முடிந்துகொண்டார். உள்ளேயிருந்து அடுப்பு பற்றவைக்கப் போகிறோம் என்று குரல் வந்தது. அக்கா வளையத்தை என் கையில் கொடுத்தாள். நான் வா போகலாம் என்றேன். அவள் ஈரக் காலைப் படியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பால்காய்ப்புக்கு வந்தேன். பால் குடிச்சுட்டுத்தான் வருவேன்."

உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். ஜன்னல் வழியாக ஹால் முழுக்கத் தெரிந்தது. இப்படி வீடுகளுக்குப் போனால் அக்கா வழக்கமாகப் பின்னால், சமையலறைப் பக்கம், யார் கண்ணிலும் முதலில் படாத இடமாகப் பார்த்து உட்காருவாள். அன்றைக்கு ஹாலில் அடுப்பு வைத்திருந்த இடத்துக்கு நேரே, முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். கடையத்து நாத்தனார் தட்டோடு அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. கொஞ்சம் பின்னால் உட்காருங்கள் என்று சொல்ல அங்கே இருந்த யாருக்கும் வாய் வரவில்லை. ரகசியமாக எடுத்துப் போட முடிகிறவர்களுக்கு நேருக்கு நேர் சொல்ல முடிவதில்லை. பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அக்காவும் போட்டாள். அவள் குலவை எப்போதும் மற்றவர்கள் நிறுத்தியபிறகும் கொஞ்சம் கேட்கும்.

மைனி வெளியே எனக்கு ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. கையில் வளையம் இருக்கிறது என்றேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். இனி இந்தத் தெருவுக்கு ஒரு வளையம் கட்டக் கூடாது என்றேன். கேட்டு வருகிறவளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். அக்கா தார்ப்பாய் இடுக்கில் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டியபிறகு பேசினாள்.

"ஏன் கட்டாம? கட்டுவேன். ஆனா இனி யார் கையிலயும் குடுக்க மாட்டேன். கேக்கவ வீட்டுக்கு நானே போவேன். நானே ஸ்டூல்ல ஏறி மாட்டுவேன். நல்ல நாள் அன்னைக்கு, காலைல. அதுக்குச் சம்மதம்னா கேக்கட்டும்."

"முழங்கால் வலிக்குன்ன?"

"வலிக்கத்தான் செய்யுது."

கார்த்திகைக்கு ஆள் வந்தது. அக்கா தன் நிபந்தனையைச் சொன்னாள். திட்டவில்லை, குத்திக்காட்டவில்லை, மாவு அரைக்க எப்போது வரலாம் என்று கேட்கிற குரலில் சொன்னாள். எல்லோரும் அதற்கென்ன, தாராளமாக வாங்க என்றார்கள். அதற்குப்பின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் செய்தி வந்தது. ஒரு வீட்டில் கதவுக்குப் புதுப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள், ஆணி அடிக்கக் கூடாது. அங்கே ஏற்கெனவே ஆணி இருக்கிறது, அக்கா அடித்ததுதான். ஒரு வீட்டில் வாஸ்து பார்க்கிறவர் வாசலில் எதுவும் தொங்கக் கூடாது என்று சொன்னாராம். ஒரு வீட்டில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை. பாத்திரக்கடைக்காரர் வீட்டிலிருந்து, இந்த வருஷம் ஒன்றும் விசேஷமாக இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கார்த்திகையன்று சாயங்காலம் அவர் வீட்டில் படிக்குப் படி விளக்கு வைத்திருந்தார்கள்.

ஒவ்வொன்றையும் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தெருவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அக்காவுக்கு டெங்கு வந்தபோது ராத்திரி பகலாக மாறி மாறி இருந்தவர்கள் இவர்கள்தான். அவர்களை முழுதாக வெறுக்கவும் முடியாமல் போவதுதான் என்னால் தாங்க முடியாதது. அவள் சாகாமல் பார்த்துக்கொள்வார்கள். வாசலுக்கு மட்டும் வரக் கூடாது.

பின் தெருவில் ஒத்துக்கொண்டவர்கள் உண்டு. கணவர் சவூதியில், டம்மாமில் இருக்கிற ஒரு பெண், "நீங்களே வந்து மாட்டுனா எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு, மாட்டும்போது வீடியோ காலில் கணவருக்குக் காட்டினாள். அவர் அங்கேயிருந்து இடப்பக்கம் சாய்கிறது என்றார். ரிடையர்டு டீச்சர் ஒருவர் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டார். வளையம் ரொம்பப் பெரியது, அடுத்த தடவை சிறியதாகக் கட்டு என்று வகுப்பறைக் குரலில் குறை சொன்னார். மாவு மில் நடத்துகிற பெண்ணுக்கு வளையம் அழகாக இருக்கிறதா இல்லையா என்பது பற்றியே அக்கறை இல்லை. எல்லோரும் வைக்கிறார்கள் என்று வைத்தாள். எல்லோரும் நிறுத்தியதை அவள் கவனிக்கவில்லை.

மார்கழி கடைசியில் மைனி ஸ்கூட்டரில் வந்தார். புதுவீட்டுக்குப் போனபின் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு மங்குஸ்தான் நாற்று ஒன்று கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக் வளையம் வெயிலில் வெளுத்துவிட்டதாம். மாடியில் தங்க வந்தவர்கள் கேலி செய்தார்களாம். பொங்கலுக்குப் பழையபடி ஒரு வளையம் வேண்டும் என்றார். பிறகு, மகளை அனுப்புகிறேன், அவள் கையில் கொடுத்துவிடுங்கள் என்றார்.

"நான் வாறேன் மைனி" என்றாள் அக்கா. "பொங்கல் அன்னைக்குக் காலைல வந்து மாட்டித் தாறேன்."

"உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? கால் வேற..."

"அலைச்சல் இல்ல. அன்னைக்கு எனக்கு வேற என்ன வேலை?"

மைனி காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். கடையத்திலிருந்து அவர்களும் வருவார்கள் என்று பாதியில் நிறுத்தினார். நான் அப்போது அந்த அறையில்தான் இருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதே என்று அக்கா என்னிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள். அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மைனி ஸ்கூட்டரை எடுத்தார்.

அக்கா அவருக்கு என்று ஒரு வளையம் கட்டினாள். மஞ்சள் இலை, நெற்கதிர், கீழே குஞ்சம். பொங்கல் அன்று நாலரைக்கே குளித்து, சேலை மாற்றி, வளையத்தைப் பையில் வைத்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டு மணி வரை போன் வரவில்லை. பையிலிருந்து வளையத்தை எடுத்தாள். அன்றைக்குப் பின் தெருவில் மூன்று வாசலில் வளையம் இருந்தது. எங்கள் தெருவில் வேறெந்த வாசலிலும் இல்லை, எங்கள் வாசலில் மட்டும் இரண்டு இருந்தன.